உதை எங்கிருந்து வருகிறது

புதன்சந்தையில் செவ்வாய்தோறும் கூடும் மாட்டுச்சந்தையில், வியாபாரம் முடிந்த பிறகு கவனிக்க வேண்டிய இடம் லாரிகள் நிற்கிற பக்கம். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியாயிற்று, பணமும் கைமாறியாயிற்று. கேரளத்துக்குப் போக வேண்டிய கலப்பினப் பசு ஒன்று மட்டும் சாய்பலகைக்கு முன்னால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. லாரிக்குள் ஏறி நின்று ஒருவர் கயிற்றை இழுக்கிறார். பின்னால் ஒருவர் வாலை முறுக்குகிறார். இன்னொருவர் இரும்புக் கதவைத் தடியால் தட்டி அதட்டுகிறார். நாலாமவர் யோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இல்லாத சந்தை கிடையாது. பசு சட்டென்று மேலே பாய்கிறது. உள்ளே இருந்தவர் கேபின் சுவரோடு நசுங்குகிறார். பின்னால் இருந்தவருக்கு முழங்காலில் ஓர் உதை.

“பொல்லாத மாடுங்க.” தீர்ப்பு உடனே வந்துவிடும். சேலம், நாமக்கல் பக்கம் மாடு கட்டியிருக்கிற வீடுகளில் இப்படி ஒரு தழும்பும், அதற்கு இப்படி ஒரு தீர்ப்பும் பெரும்பாலும் இருக்கும். அந்தத் தீர்ப்போடு விசாரணையும் முடிந்துபோகிறது என்பதுதான் என் குறை. மில்லில் ஒருவர் கை பெல்ட்டில் சிக்கினால் பெல்ட் பொல்லாதது என்று யாரும் சொல்வதில்லை. மூடி ஏன் இல்லை, ஸ்விட்ச் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்றுதான் கேட்போம். மாட்டிடம் அடிபட்டவரிடம் மட்டும் கயிற்றை எப்படிப் பிடித்திருந்தீர்கள், எங்கே நின்றீர்கள், மாட்டுக்கு என்ன வலி என்று கேட்கத் தோன்றுவதில்லை.

லாரி முன்னால் நின்ற பசுவிடமிருந்தே தொடங்குவோம். அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. பாவை கிடைமட்டமாக நீண்டது. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 330 டிகிரி அதற்குத் தெரியும். தெரியாத இடம் நேர் பின்னால் ஒரு குறுகலான பட்டை, மூக்குக்கு முன்னால் கொஞ்சம். வேட்டை விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த ஓர் இனத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் சுற்றிலும் பார்க்கக் கிடைத்த வசதிக்கு விலையும் உண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பரப்பு முன்பக்கம் கொஞ்சம்தான், அதனால் ஆழத்தை மட்டிட அது சிரமப்படும். தரையில் கிடப்பது நிழலா குழியா என்று தெரிய வேண்டுமானால் நின்று, தலையைக் குனிந்து, மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். வெயிலில் நிற்கிற பசுவுக்கு லாரியின் உள்பக்கம் ஒரே இருட்டு. அந்த இருட்டின் வாசலில் பலகை இடுக்குகளில் வெளிச்சக் கீற்றுகள். குனிந்து பார்க்கலாம் என்றால், மேலே நிற்பவர் கயிற்றை இழுத்து அதன் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

காதும் இப்படித்தான். மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மாட்டின் காது 35,000 வரை போகும். அதன் கூர்மை உச்சத்தில் இருப்பது 8,000 ஹெர்ட்ஸ் அருகில். இரும்பில் இரும்பு மோதும் ஓசையில் அந்த உயர்ந்த சுருதிகள்தான் நிறைந்திருக்கும். நமக்கு ‘டணார்’ என்று கேட்பது அதற்கு எப்படிக் கேட்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். வாலை முறுக்குபவர் நிற்பதோ அதன் கண்ணுக்கு எட்டாத ஒரே இடத்தில். வலி வருகிறது, கொடுப்பது யார் என்று தெரியவில்லை. ஆக மூன்று பேரும் சேர்ந்து செய்தது ஒரே காரியம்: பார்க்க விடவில்லை, கேட்க முடியாததைக் கேட்க வைத்தார்கள், பின்னாலிருந்து பயமுறுத்தினார்கள். 400 கிலோ உடம்பு தப்பிக்க ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் ஆள் நின்றார்.

ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதற்குள் ஆள் நுழைந்தால் விலகும். வெளியே போனால் நின்று திரும்பிப் பார்க்கும். சந்தைக்கு வந்த புது மாட்டுக்கு அந்த எல்லை பெரியது, வீட்டில் வளர்ந்ததற்குக் கிட்டத்தட்ட இல்லை. அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் இந்த எல்லையையும், மாட்டின் தோள்பட்டையில் இருக்கும் ஒரு கோட்டையும் வைத்தே தன் மந்தை மேய்க்கும் முறையைக் கட்டினார். தோளுக்கு முன்னால் நின்று எல்லைக்குள் நுழைந்தால் மாடு பின்வாங்கும். தோளுக்குப் பின்னால், பக்கவாட்டில் நின்று நுழைந்தால் முன்னே போகும். எதிரில் நின்று கயிற்றை இழுப்பவர் ‘வா’ என்று கையாலும் ‘வராதே’ என்று உடம்பாலும் சொல்கிறார். மிரண்ட மாடு பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 30 நிமிடம் ஆகும் என்கிறார் கிராண்டின். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். லாரி டிரைவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

*

இனி கயிறு. கட்டுத்தறியில் நடக்கிற காயங்களில் மிகக் கொடியவை கொம்பாலோ குளம்பாலோ வருவதில்லை, கயிற்றால் வருகின்றன. அதன் பின்னால் அழகான ஒரு கணக்கு இருக்கிறது.

முரட்டுக் காளையைப் பத்து வயதுப் பையன் பிடித்து நிறுத்துவதைக் கிராமத்தில் யாரும் பார்த்திருக்கலாம். அவன் செய்வது ஒன்றுதான்: கயிற்றை வேப்பமரத்திலோ கல்தூணிலோ இரண்டு சுற்று சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொள்கிறான். தூணில் சுற்றிய கயிறு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் கணக்காக்கினார். பின்னர் ஜெர்மன் பொறியாளர் அய்டெல்வைனின் பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. சுற்று கூடக் கூடப் பிடிப்பு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். கயிற்றுக்கும் தூணுக்கும் உராய்வெண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இழுவை ஆறரை மடங்கு குறையும். இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 285 மடங்கு. காளை ஒரு பேச்சுக்கு 300 கிலோ விசையில் இழுக்கிறது என்றால், இரண்டு சுற்றுக்குப் பின்னால் நிற்கும் பையன் ஏழு கிலோவைத் தாங்கினால் போதும். மூன்று சுற்றுப் போட்டால் ஒரு கிலோ.

அந்தச் சூத்திரத்தில் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிற ஒன்று இல்லை. தூணின் பருமன் அதில் எங்குமே வராது. எத்தனை சுற்று, எவ்வளவு சொரசொரப்பு, இரண்டே கேள்விதான். அரசமரமானாலும் கைக்கட்டை விரலானாலும் இரண்டு சுற்று இரண்டு சுற்றுதான்.

மேய்ச்சலுக்கு மாட்டை ஓட்டிப்போகிறவர்கள் கயிறு நழுவக் கூடாது என்று உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்கிறார்கள். ரோட்டோரம் போகும்போது செல்போனையோ சோளத்தட்டுக் கட்டையோ பிடிக்க ஒரு கை வேண்டும், அதனால் மற்றக் கையில் மணிக்கட்டு வரை சுற்றல். அந்த நிமிடத்திலிருந்து தூண் அவர்தான். பஸ் ஏர்ஹாரன் அடிக்கிறது, மாடு பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. விட்டுவிடலாம் என்று நினைத்துக் கையைத் திறந்தாலும் கயிறு விடாது. மூன்று சுற்றுக்கு ஒரு கிலோ பிடி போதும் என்றோமே, அந்த ஒரு கிலோவைக் கயிற்றின் நுனி தன் எடையாலும், ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறி அமுக்குவதாலுமே கொடுத்துவிடும். சத்தம் கேட்டு, புரிந்து, கை அசைய மனிதருக்குக் கால் விநாடியாவது வேண்டும். மாடு அதற்குள் கயிற்றை இறுக்கியிருக்கும். விரலின் தோல் மோதிரம் இருந்த இடத்திலிருந்து கையுறை கழற்றினாற்போல் உரிந்து வரும். சில சமயம் விரலே வந்துவிடும். அமெரிக்காவில் குதிரை மேலிருந்து கன்றுகளுக்குச் சுருக்கு வீசிப் பிடிப்பவர்கள் சேணத்தின் முனையில் கயிற்றைச் சுற்றும்போது இப்படிக் கட்டைவிரலை இழப்பது அங்குள்ள கை அறுவை மருத்துவர்களுக்கு நன்றாகப் பழகிய காயம்.

கயிறும் மாறிவிட்டது. இந்தப் பக்கம் முன்பு புளிச்சை நாரிலும் கத்தாழை நாரிலும் கயிறு திரித்தார்கள். உள்ளங்கையை அராவும், மழையில் ஊறும், இரண்டு வருடத்தில் இற்றுப்போகும். இப்போது எங்கும் நைலான். மெல்லியது, மலிவு, அறாது. அறாது என்பது மாட்டுக்கு நல்லது, பிடித்திருக்கும் விரலுக்கு அல்ல. கையில் சறுக்கிக்கொண்டு ஓடும்போது உராய்வுச் சூட்டில் தோலைப் பொசுக்கவும் செய்யும்.

செய்ய வேண்டியது சுலபம். கயிற்றைக் கையில் சுற்றாமல் பாம்புபோல் மடித்து, மடிப்புகளை உள்ளங்கையில் குறுக்கே வைத்துப் பிடித்தால், கையைத் திறந்ததும் எல்லாம் விழுந்துவிடும். நிறுத்தியே தீர வேண்டும் என்றால் கிட்டத்தில் ஒரு மரத்தைத் தேட வேண்டும். மாட்டைத் தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்று பழமொழி சொல்கிறது. தும்பையே விட வேண்டிய நேரமும் உண்டு. ஓடிப்போன மாடு பெரும்பாலும் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்கு வந்துவிடும்.

அப்படியும் விரல் துண்டித்துப்போனால்: துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது, பட்டால் அதுவே திசுவைக் கொன்றுவிடும். விரலில் தசை கிடையாது. எலும்பு, நரம்பு, தசைநார், தோல். அதனால் ரத்த ஓட்டம் இல்லாமல் கைகாலைவிட அதிக நேரம் தாங்கும். கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனை துண்டான கைவிரல்களை ஒட்டுவதற்கு நாடு முழுக்கப் பெயர் பெற்றது. நாமக்கல்லிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். கயிறு பிய்த்த விரல், அரிவாள் வெட்டிய விரலைவிட ஒட்டுவதற்குக் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரத்தக்குழாய் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் சேதமாவதில்லை, நெடுகக் கிழிந்திருக்கும்.

*

பால் கறக்கிற இடத்துக்கு வருவோம். காலை ஐந்து மணிக்கெல்லாம் கட்டுத்தறியில் விளக்கு எரியும். சொசைட்டியில் பால் எடுக்கிற நேரம் முடிவதற்குள் கறந்து ஊற்றியாக வேண்டும். குந்தி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் பசுவின் பின்னங்கால் முட்டிக்கு நேராக இருக்கிறது.

குதிரையின் பின்னால் நிற்காதே என்பது எல்லோருக்கும் தெரியும். பசுவுக்கு அந்த எச்சரிக்கை போதாது. குதிரையின் தொடை எலும்பை இடுப்புக் குழியோடு பிணைக்கும் தசைநார்களில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. அது கால் பக்கவாட்டில் அதிகம் விரிவதைத் தடுக்கும். மாட்டுக்கு அந்தத் தசைநார் இல்லை. அதனால் அதன் பின்னங்கால் முதலில் முன்னே வரும், பிறகு வெளிப்பக்கம் வளைந்து பின்னே போகும். அந்த வளைவுக்குள்தான் கறப்பவரின் கை, முழங்கால், தாடை, பால் வாளி எல்லாம் இருக்கின்றன.

வளைவின் தொடக்கத்தில் காலுக்கு வேகம் இல்லை, நடுவில்தான் உச்சம். தொடக்கத்திலேயே உடம்போடு உடம்பு ஒட்டியிருப்பவருக்கு உதை தள்ளலாகப் போய்விடும். இரண்டடி தள்ளி இருப்பவருக்கு எலும்பு முறியும். நன்றாகக் கறக்கத் தெரிந்த பாட்டிமார் நெற்றியையோ தோளையோ பசுவின் அடிவயிற்றோரம் சாய்த்துக்கொண்டு கறப்பதைக் கவனித்திருப்பீர்கள். அசதியில் சாய்வதில்லை. கால் கிளம்புவதற்கு முன்னால் விலாத்தசை ஒருமுறை இறுகும், அது தோளுக்குத் தெரிந்துவிடும். பயந்துகொண்டு தள்ளி உட்கார்ந்து கையை நீட்டிக் கறக்கிற புதுமருமகள்தான் உதை வாங்குவார். அவருக்கு மாடு பொல்லாதது, மாமியாருக்குச் சாது.

அது ஏன் உதைக்கிறது? முதலில் பார்க்க வேண்டியது மடியை. மடிநோய் தொடங்கும்போது வீக்கமும் சூடும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வலி இருக்கலாம். நேற்றுவரை ஒழுங்காக நின்ற பசு இன்று காலைத் தூக்கினால், முதல் பீச்சலைக் கறுப்புத் துணியிலோ தட்டிலோ விட்டுத் திரி திரியாக வருகிறதா என்று பார்ப்பது, அணைகயிறு தேடுவதைவிடப் புத்திசாலித்தனம். காம்பில் வெடிப்பு, உண்ணி, கறப்பவரின் நகம், கட்டைவிரலை மடக்கிக் கணுவால் நெரிக்கும் பழக்கம் என்று வலிக்குக் காரணங்கள் பல. தலையீத்துக் கிடேரிக்கு ஈன்ற சில நாட்கள் மடி நீர்கோத்துக் கல்லாக இருக்கும். அதற்கு மனிதக் கை மடியில் படுவதே புதுசு. சினையாக இருக்கும்போதே தினமும் மடியைத் தடவிப் பழக்கியிருந்தால் பாதிச் சண்டை இருக்காது.

பின்னங்கால்களை முட்டிக்கு மேலே எட்டு வடிவில் அணைகயிற்றால் கட்டுவது பழைய உபாயம், வேலையும் செய்யும். ஆனால் கட்டப்போகிறவர் அந்த வளைவுக்குள் குனிந்தாக வேண்டும். முடிச்சு இழுத்தால் அவிழ்கிற உருவாஞ்சுருக்காக இருக்க வேண்டும். கால் கட்டிய பசு வழுக்கி விழுந்தால் விழுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாணமும் கோமியமும் தேங்கிய வழவழப்பான சிமென்ட் தரை, மாட்டின் குணத்தைவிட அதிகம் பேரை வீழ்த்துகிறது என்று தயங்காமல் சொல்வேன். தரை போடும்போது ஈரச் சிமென்டில் குறுக்குக் கோடு கீறிவிட்டாலே குளம்புக்குப் பிடி கிடைக்கும்.

இன்னொரு காரணம் ஞாபகம். கனடாவில் ஜெஃப் ரஷன் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பசுக்களிடம் ஒருவர் இதமாகவும் இன்னொருவர் முரட்டுத்தனமாகவும் நடந்துகொண்டார்கள். பசுக்கள் இருவரையும் பிரித்து அறிந்துகொண்டன. பிறகு முரட்டு ஆள் பக்கத்தில் வெறுமனே நின்றபோதே கறந்த பிறகு மடியில் தங்கிவிடும் பால் 70 சதவீதம் கூடியது. காரணம் நேரடியானது. பாலை இறக்குவது ஆக்சிடோசின். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதன் வேலையைத் தடுத்துவிடும். பயந்த பசு உதைக்கவும் செய்யும். ஆக நேற்றைய அடிக்கு இன்றைய லிட்டரில் கழிவு இருக்கிறது. அறிவுரைக்கு மயங்காதவர்களுக்கும் இந்தக் கணக்கு புரியும்.

‘பொல்லாத மாடு’ என்ற வகைப்பாடு எவ்வளவு உதவாதது என்பதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு. அமெரிக்காவின் அயோவா, கான்சஸ், மிசௌரி, நெப்ராஸ்கா ஆகிய நாலு மாநிலங்களில் 2003 முதல் 2008 வரை மாடுகளால் நேர்ந்த 21 மரணங்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2009இல் வெளியிட்டது. அதில் 10 பேரைக் கொன்றது காளை, 6 பேரை ஒற்றைப் பசு, 5 பேரை ஒன்றுக்கு மேற்பட்ட மாடுகள். முன்பே முரண்டு பிடித்த பெயர் வாங்கிய மாடுகள் செய்தது 7 மரணம் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு சாவுகளுக்குக் காரணமான மாடுகளுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஏறக்குறைய எல்லோரும் இறந்தது தலையிலோ மார்பிலோ பட்ட அடியால். ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த மாடும் பொல்லாததாகிற ஒரு நாள் உண்டு, கன்று ஈன்ற நாள். வருடம் முழுக்க மடியில் தலை சாய்த்துக் கறந்தவரையும் அன்று முட்டும். கட்டுத்தறியில் நாய் சுற்றினால் இன்னும் மோசம்: பசு நாயைத் துரத்தும், நாய் எஜமானரின் காலுக்குள் ஒளிந்துகொள்ளும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் நிற்காமல் இருப்பதே அன்றைய விதி. நஞ்சுக்கொடி விழவில்லை என்று வெறுங்கையால் இழுக்கிற பழக்கத்தில் அடி தெரியாமல் விழும். கருச்சிதைவு ஆன பசுவின் நஞ்சுக்கொடியில் புருசெல்லா கிருமி கோடிக்கணக்கில் இருக்கலாம். கையில் ஒரு சிராய்ப்பு போதும். வாரக்கணக்கில் வந்து வந்து போகும் காய்ச்சலையும் இடுப்பு வலியையும் அந்தப் பசுவோடு யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். முழங்கை வரை கையுறை மாட்டாமல் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

காளையிலும் ஒரு விசித்திரம். தாயிடமிருந்து பிரித்து, மற்ற மாடுகளைப் பார்க்க விடாமல், புட்டிப்பால் ஊட்டித் தனியே செல்லமாக வளர்த்த சேங்கன்று பெரியதானதும் மனிதரை முட்ட வருவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அது நம்மைத் தன் இனம் என்று நினைத்துவிடுகிறது. காளைகள் தம் இனத்தோடுதான் பலப்பரீட்சை பார்க்கும்.

*

ஏர்க்காளையும் வண்டிக்காளையும் இருந்த காலத்தில் மாட்டைக் கையாண்டது பெரும்பாலும் ஆண்கள். ஆலம்பாடி, பருகூர் காளைகளை அடக்குவது ஒரு வித்தை, அதற்கு மரியாதையும் இருந்தது. டிராக்டர் வந்தது, ஜெர்சியும் எச்.எஃப். கலப்பினமும் வந்தன. மாட்டின் எடை கூடியது, பால் கூடியது, வேலை பெரும்பாலும் பெண்கள் கைக்கு வந்து சேர்ந்தது. வித்தைக்கு இருந்த மரியாதை கூடவே வரவில்லை. எருதாட்டத்திலும் ஜல்லிக்கட்டிலும் ஆம்புலன்ஸ் நிற்கும், மருத்துவக் குழு இருக்கும், காயமடைந்தோர் எத்தனை பேர் என்று மறுநாள் பேப்பரில் வரும். கட்டுத்தறியில் பல் உடைந்த பெண் வாயைக் கொப்பளித்துவிட்டு மிச்சப் பாலைக் கறந்து முடிப்பார்.

சட்டமும் அவரைத் தொழிலாளியாகப் பார்ப்பதில்லை. 1923ஆம் வருடத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலாளி என்று ஒருவர் இருந்தால்தான் பேசியது. சொந்தப் பசுவைக் கறப்பவருக்கு முதலாளி யார்? கதிரடிக்கும் இயந்திரங்களில் கை போகிறது என்று 1983இல் அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். விவசாயப் பாதுகாப்பு பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2001இல் நிறைவேற்றிய 184ஆம் உடன்படிக்கை கால்நடை வேலையையும் கொட்டகையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. பிரிட்டனில் பண்ணை மரணங்களை ஆண்டுதோறும் காரணம்வாரியாக வெளியிடுகிறார்கள். வாகனங்களோடு சேர்ந்து மாடுகளும் அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் வருவது வழக்கம். எண்ணியதால்தான் தெரிந்தது. தமிழ்நாட்டில் 2011இல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் விபத்து உதவி உண்டு. உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டும். அடிபட்டது எப்படி என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் சரியாக எழுதியிருப்பதும் உதவும்; “கீழே விழுந்துட்டனுங்க” என்று சொல்லிவிட்டு வந்தால் மாடு கணக்கிலேயே வராது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கியது. அங்கே சேரும் மாணவர்கள் தொடக்கத்திலேயே படிக்கிற பாடங்களில் ஒன்று மாட்டைக் கட்டுப்படுத்துவது: டிராவிஸ் என்ற இரும்புக் கூண்டுக்குள் நிறுத்துவது, கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் கயிற்றுச் சுருக்குப் போட்டு இழுத்துப் படுக்க வைப்பது. மருத்துவருக்கு முறைப்படி கற்றுத்தரும் இந்தப் பாடம் தினமும் இரண்டு வேளை மடிக்கடியில் உட்காருகிறவருக்குத் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். பால் சொசைட்டி தோறும் ஒரு டிராவிஸ் நட்டால் சினை ஊசி போட வருபவரின் கையும் பிழைக்கும். முழங்கை வரை பசுவுக்குள் இருக்கும்போது அது படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

*

நாமக்கல்லில் கால்நடை வேலை என்றால் பாதிக்குமேல் கோழி வேலை. இரண்டு கிலோகூட இல்லாத பறவை யாரை என்ன செய்துவிடும் என்று தோன்றும். கோழி செய்வதில்லை. அதற்குப் போடுகிற ஊசி செய்கிறது.

முட்டையிடத் தொடங்குவதற்கு முன்னால் முட்டைக்கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கு எதிராகச் செயலிழந்த கிருமித் தடுப்பூசி போடுவார்கள். ஆயிரக்கணக்கான கோழிகள். ஒருவர் கூண்டிலிருந்து எடுத்துக் கொடுக்க, ஒருவர் பிடிக்க, ஒருவர் தானியங்கி ஊசியால் அரை மில்லி அரை மில்லியாக அழுத்திக்கொண்டே போவார். அடுத்த கோழி, அடுத்த கோழி. ஒரு கோழி சிறகடிக்கிறது, ஊசி பிடித்திருப்பவரின் ஆள்காட்டி விரலில் ஏறிவிடுகிறது. ஒரு சொட்டு ரத்தம்கூட வராது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்.

அந்த மருந்து கனிம எண்ணெயில் கலந்த பால்மம். எண்ணெய் சேர்ப்பதன் நோக்கமே, மருந்து போட்ட இடத்தில் மாதக்கணக்கில் தங்கி, சுற்றியுள்ள திசுவை விடாமல் சீண்டி எதிர்ப்பாற்றலைக் கிளறிவிட வேண்டும் என்பதுதான். கோழியின் கழுத்துத் தோலுக்கடியில் அதற்கு இடம் இருக்கிறது. மனித விரலில் இல்லை. எலும்பு, தசைநார், அதன் உறை எல்லாம் இறுக்கமாக அடைத்து வைத்த குழாய் அது. எண்ணெய் உறைக்குள் பரவும், ரத்தக்குழாய் சுருங்கும், வீக்கம் உள்ளேயே அமுக்கும். மேலே ஊசி முனையளவு புள்ளி, உள்ளே சில மணி நேரத்தில் விரல் செத்துக்கொண்டிருக்கும். வலி மாத்திரையும் டிடி ஊசியும் போட்டு அனுப்பிவிட்டால் மூன்றாம் நாள் விரலை எடுக்க வேண்டி வரலாம். அன்றே அறுத்துத் திறந்து கழுவி எண்ணெயை எடுத்தால் பிழைக்கும்.

அமெரிக்கப் பட்டியலில் விட்டுவைத்த அந்த ஒருவரும் ஊசியால் இறந்தவர்தான். மாடு முட்டிக் கீழே விழுந்தபோது சட்டைப்பையில் இருந்த சிரிஞ்சு அவர் உடம்பில் ஏறியது. உள்ளே மாடுகளுக்கான டில்மிகோசின். கால்நடைக்கு அது நுரையீரல் மருந்து, மனித இதயத்துக்கு நஞ்சு. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் போடும் புருசெல்லா தடுப்பூசி இன்னொரு வகை: அதில் இருப்பது உயிருள்ள கிருமி, கையில் ஏறினால் மனிதருக்கும் அந்த நோய் வரும், உடனே மருத்துவரிடம் போயாக வேண்டும். மூடி போடாத சிரிஞ்சைச் சட்டைப்பையில் செருகுவது கட்டுத்தறியிலும் கோழிப்பண்ணையிலும் கண்டவர்கள் கண்டித்தாக வேண்டிய பழக்கம்.

ஊசி ஏறியவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்து பாட்டிலையும் அதோடு வந்த தாளையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். எண்ணெய்த் தடுப்பூசிகளின் தாளில் கீழே பொடி எழுத்தில் இரண்டு பத்தி இருக்கும். ஒன்று ஊசி ஏறியவருக்கு, இன்னொன்று வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு: மருந்தின் அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, தாமதிக்காமல் அறுவை நிபுணரைக் கூப்பிடு என்று அதில் எழுதியிருக்கும்.